சிவப்பில் திரும்பியவள்

பிராண்டே என்ற சின்ன டேனிஷ் ஊரில் அன்று காலையிலிருந்தே மழை... பெய்கிறதா, விட்டுவிட்டதா என்று சொல்ல முடியாத மழை. காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் வந்து கன்னத்தில் அறைந்தது.

தபிதாவின் மனமும் கொஞ்ச நாளாக அப்படித்தான் இருந்தது. ஓரிடத்தில் நிற்க மறுத்தது. என்ன குறை என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. முப்பது வயது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. சொந்தமாக ஒரு சின்ன வீடு. ஒரு மணி நேரத் தூரத்தில், ஹொல்ஸ்டெப்ரோவில் அம்மா, அப்பா. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபை. எல்லாம் இருந்தது. ஆனாலும் உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். யாரோ எங்கோ காத்திருக்க, தான் தாமதித்துக்கொண்டிருப்பதைப் போல...

சந்தியில் பச்சை விழுந்தது. சைக்கிளை மிதித்தாள். வலப்பக்கத் தெருவில், சிவப்பு விளக்கில் நின்றிருந்த சாம்பல் நிறக் கார் சட்டென்று கிளம்பி அவளுக்கு முன்னாலேயே திரும்பியது. பிரேக்கைப் பிடித்தாள். சக்கரம் வழுக்கியது. மறுகணம், தேங்கிக் கிடந்த தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள்.

டேனிஷில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். அது போதவில்லை. “கண் தெரியேல்லையோ உனக்கு? விசர்!” என்று தமிழுக்கு மாறினாள்.

காரிலிருந்து ஒரு பெண் குடைகூட இல்லாமல் ஓடி வந்தாள். நல்ல உயரம். நனைந்த கூந்தல் நெற்றியில் ஒட்டியிருந்தது. பயந்துபோன, பெரிய கண்கள்... இமையோரத்தில் தொங்கிய ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

“அச்சச்சோ, அடிபட்டுச்சா? சாரிங்க, நான்...” அவள் நின்றாள். “இருங்க. நீங்க... தமிழா?”

“தமிழெண்டால் இடிக்கலாமோ?”

“இடிக்கலையே! பக்கத்துலதான் வந்தேன்.”

“சிவப்பில திருப்பினியள்!”

“ரைட் டர்ன் தானேங்க... எங்க ஊர்ல நின்னு பாத்துட்டுத் திருப்பலாம்.”

“எந்த ஊர் அது?”

“ஹூஸ்டன். அப்பா அம்மா மதுரை.”

“இஞ்ச சிவப்பெண்டால் சிவப்புத்தான். அமெரிக்காவில இருந்து வந்தாலும் சரி, ஆகாயத்தில இருந்து வந்தாலும் சரி. முதல்ல நல்ல ஒரு ரீச்சரைப் பிடிச்சு ஓடப் பழகுங்கோ!”

“யாராவது நல்ல டீச்சர் தெரியுமா உங்களுக்கு?”

தபிதா எழுந்து, சேறான காற்சட்டையைத் தட்டிவிட்டாள். சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். “நான்தான்,” என்றாள்.

அந்த இமையோரத் துளி அப்போது விழுந்தது. அந்தப் பெண் சிரித்துவிட்டிருந்தாள்.

அவள் பெயர் அமுதினி. காற்றாலைத் தொழிற்சாலையில் பொறியியலாளர். டேனிஷ் லைசன்ஸ் எடுக்க இங்கே ஒருமுறை ஓட்டிக் காட்ட வேண்டியிருந்ததால், அவளுக்கு உண்மையிலேயே ஆசிரியர் தேவைப்பட்டது. அடுத்த வாரமே தபிதாவின் காரில் வந்து உட்கார்ந்தாள்.

“பின்னால கண்ணாடியில வடிவாப் பாருங்கோ,” என்றாள் தபிதா.

அமுதினி கண்ணாடியில் தன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். “பாத்தேன். அவ்வளவு வடிவா ஒண்ணும் இல்லையே...”

“ஐயோ! வடிவா எண்டால் எங்கட தமிழில ‘கவனமா’ எண்டும் அர்த்தம்.”

“ஓ... அப்போ நான் வடிவு இல்லையா?”

தபிதா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். “ரோட்டைப் பாருங்கோ,” என்றாள்.

தானியங்கிக் கார் ஓட்டிப் பழகிய அமுதினிக்கு கியர் மாற்ற வரவில்லை. மாற்றும்போதெல்லாம் கார் இருமியது. “இப்பிடி...” என்று அவள் கைமேல் தன் கையை வைத்து இரண்டாவது கியருக்குத் தள்ளினாள் தபிதா. எத்தனையோ பேருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். கையை எடுக்க மறந்தது இதுதான் முதல் தடவை. மூன்றாவது கியர்... நான்காவது கியர்...

கிரின்ஸ்டெட் போகும் நீண்ட பாதையில் ஒருநாள், அமுதினியின் கைபேசி விடாமல் அதிர்ந்தது. அவள் முகம் வெளிறியது. “நிப்பாட்டுங்கோ,” என்றாள் தபிதா மெதுவாக. ஓரம்கட்டினார்கள். இருபுறமும் நனைந்த வயல்கள்.

“என் ஃப்ரெண்ட் ரோசெட்டா,” என்றாள் அமுதினி. “ஹூஸ்டன்ல இருக்கா. எனக்கு யாருமே இல்லாதப்போ தன் சோஃபாவில படுக்க இடம் கொடுத்தவ. நாங்க போய்க்கிட்டிருந்த கிளினிக்கை மூடிட்டாங்களாம். அவளுக்கு மருந்து கிடைக்கலை.”

“என்ன வருத்தம் அவவுக்கு?”

“நோய் இல்லைங்க. ஹார்மோன் மருந்து.” அமுதினி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள். “அவளும் நானும் ஒரே மாதிரி. நான் எப்பவும் பொண்ணுதான். பிறந்தப்போ பையன்னு சொல்லிட்டாங்க. அதைச் சரிபண்ண எனக்கு இருபத்தஞ்சு வயசு வரைக்கும் ஆச்சு.”

வைப்பர் ஒருமுறை போய் வந்தது.

“அங்க எங்களை மாதிரி ஆளுங்க மேல சட்டத்தை ஒவ்வொண்ணா இறுக்கினாங்க. எனக்கு டிகிரி இருந்துச்சு, கம்பெனி இருந்துச்சு, பாஸ்போர்ட் இருந்துச்சு. கிளம்பி வந்துட்டேன். ரோசெட்டா ரெண்டு வேலை பாக்குறா. காலையில சமையல், சாயந்திரம் துணி துவைக்கிற கடை. ரெண்டுலயும் இன்சூரன்ஸ் இல்லை. கறுப்பு இனத்துப் பொண்ணு... போலீஸ் நிறுத்தினா, என்னை விடுற மாதிரி அவளை விட மாட்டாங்க. தப்பிச்சு ஓடறதுக்குக்கூட அங்க வசதி வேணும் தபிதா. ஓடினவ நான். அதான் உள்ளுக்குள்ள எதுவும் அடங்க மாட்டேங்குது.” அவள் திரும்பிப் பார்த்தாள். “இப்போ வேற டீச்சரைப் பாக்கணும்னா சொல்லிடுங்க.”

தபிதா அவள் பக்கம் திரும்பினாள். “அமுதினி எண்ட பெயர் ஆர் வைச்சது?”

“நானேதான். பொண்ணு பிறந்தா வைக்கணும்னு அம்மா நெனச்சு வச்சிருந்த பேரு.”

“நல்ல பெயர்.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “நானும் ஒண்டு சொல்லட்டோ? எனக்கு... பெண்களில தான் விருப்பம். சின்னனில இருந்தே.”

பள்ளித் தோழிகளிடம் டேனிஷில் சொல்லியிருக்கிறாள். அப்போது அது வானிலை அறிக்கைபோல வாயிலிருந்து போய்விட்டது. தமிழில் சொன்னது இன்றுதான். தமிழில் சொன்னதும் அது அம்மாவின் காதிலும், சபையின் காதிலும், தன்னுடைய காதிலும் விழுந்ததைப் போலிருந்தது.

அமுதினி ஸ்டியரிங்கை விட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வசந்தம் முழுக்க அவர்கள் கால் நின்ற இடத்தில் நிற்கவில்லை. பாடம் முடிந்தும் காரில் ஓடினார்கள். பெயர் தெரியாத கிராமங்கள், கடலோர மணல்மேடுகள், பெட்ரோல் நிலையக் காப்பி... லைசன்ஸும் வந்துவிட்டது. ஆனால் பழக்கம் விடவில்லை. ‘இதற்கு என்ன பெயர்?’ என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே...

ஒரு சனிக்கிழமை ஹொல்ஸ்டெப்ரோவில் தமிழ்க் கடைக்குப் போனார்கள். ஒரே குடை. அமுதினியின் விரல்கள் தபிதாவின் விரல்களுக்குள். கடைக் கதவு திறந்தது. கத்தரிக்காய்ப் பையோடு வெளியே வந்தவள் இன்பமலர்... தபிதாவின் அம்மா.

நெருப்பைத் தொட்டதுபோல் தபிதாவின் கை விலகியது. குடையும் சேர்ந்து விலகியது. அமுதினி மழையில் நின்றாள்.

“இது... என்ர ஸ்ருடென்ற், அம்மா. கார் பழகினவா.”

“ஸ்தோத்திரம் பிள்ளை,” என்றாள் இன்பமலர் மலர்ந்த முகத்தோடு. “நீங்களாவது இவளுக்குப் புத்தி சொல்லுங்கோ. கனடாவில நல்ல ஒரு பெடியன் பாத்து வைச்சிருக்கிறம். ஓம் எண்டு ஒரு வார்த்தை சொல்லுறாளில்லை.”

“சொல்றேன் ஆன்ட்டி,” என்று அமுதினி சிரித்தாள். அந்தச் சிரிப்பு கண்வரை போகவில்லை.

காரில் ஏறினார்கள். “ஸ்டூடண்ட்?” என்றாள் அமுதினி.

“வேற என்னத்தைச் சொல்லுறது? நடுறோட்டில...”

“உங்க நாட்டுல சட்டம் உங்க பக்கம் தபிதா. நாங்க அங்க அதுக்காக...”

“சட்டம் இருக்கு! சட்டமோ எங்கட வீட்டுக்கு வந்து சாப்பிடுது? எனக்குச் சனம் இருக்கு. அப்பா சபையில ஜெபம் நடத்திற மனுசன். உங்களுக்கு இழக்க ஒருத்தரும் இல்லை. எனக்கு அப்பிடியோ?”

சொன்ன கணமே வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அமுதினி கைக்குட்டையால் முகத்து ஈரத்தைத் துடைத்தாள்.

“ஒருத்தரும் இல்லாம பிறந்தேன்னு நெனச்சீங்களா? ஒவ்வொருத்தரா போனாங்க. உங்களை யார்கிட்டயும் சொல்லச் சொல்லி நான் கேக்கலை. ஆனா என்னை இன்னொருத்தியாச் சொல்லாதீங்க. எத்தனையோ வருஷம் நான் இன்னொருத்தரா இருந்து பாத்தாச்சு.”

அதன்பிறகு அவள் அழைக்கவில்லை. தபிதாவும் அழைக்கவில்லை. ‘அவளுக்கு என்ன தெரியும் என் பாடு?’ என்று ரோஷம் ஒரு பக்கம். மறுபக்கம்... சமைத்ததைச் சாப்பிடாமல் மூடி வைத்தாள். மாணவர்களை வழிதவறிக் கூட்டிப்போனாள். வேலை முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு எங்கே என்றில்லாமல் ஓடினாள். எல்லாப் பாதையும் அந்தத் தொழிற்சாலையின் வேலியோரம் போய்த்தான் நின்றது.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்த பிறகு, அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பிரதீபன் தேத்தண்ணியோடு பக்கத்தில் வந்து நின்றார். “உங்களிட்டக் கார் பழகின அமுதினி வெள்ளிக்கிழமையோட வேலையை விட்டு நிக்கிறாவாம். அமெரிக்காவுக்குத் திரும்பப் போறாவாம். பாவம், நல்ல பிள்ளை.”

“அப்பிடியோ அண்ணை?” என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பாடங்களை ரத்துச் செய்துவிட்டு ஹொல்ஸ்டெப்ரோவுக்கு ஓடினாள். அப்பா தேவநாயகம் குசினி மேசையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தபிதா உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டாள் என்று தெரியும்.

“நான் ஒரு பெண்ணை விரும்பிறன். அமுதினியை. அண்டைக்குக் கடையில பாத்தியளே அம்மா... கனடாக் கதையை விடுங்கோ. எந்தப் பெடியனும் எனக்கு வேண்டாம்.”

தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. தேவநாயகம் கண்ணாடியைக் கழற்றினார்.

“அந்தப் பிள்ளை... பிரதீபன் சொன்னவன், அது முந்தி...”

“அவ பெண், அப்பா. அவ்வளவுதான்.”

“இதை நாங்கள் கண்ணை மூடின பிறகு செய்திருக்கலாமே தபிதா.”

“நீங்கள் சாகிறதைப் பாத்துக்கொண்டு நான் இருக்கோணுமோ? எனக்கு அப்பா வேணும். நீங்கள் இருக்கேக்கையே நான் வாழோணும்.”

அவர் பேப்பரை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். “சபையில நான் என்னெண்டு முழிக்கிறது?” என்று மேசையைப் பார்த்துக் கேட்டார்.

“எனக்குத் தெரியாது அப்பா. எனக்கும் பயமாத்தான் கிடக்கு.”

இன்பமலர் திரும்பவில்லை. கை மட்டும் அரிசிக்குள் நின்றுவிட்டது. “அந்தப் பிள்ளைக்குத் தாய் இருக்கோ?”

“இருக்கிறா. கதைக்கிறேல்லை.”

தபிதா கதவைத் திறந்தபோது அம்மாவின் குரல் வந்தது. “மழைக்குள்ள கெதியா ஓடாத.”

அது சம்மதமில்லை. சாபமுமில்லை. அழுதுகொண்டே பிராண்டேக்கு ஓட்டினாள்.

மாலை வேலைமுறை மாறும் நேரம். தொழிற்சாலை வாசலிலிருந்து ஆட்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். டேனிஷ்காரர், போலந்துக்காரர், நடுவில் நாலைந்து தமிழ் முகங்கள். பிரதீபனும் இருந்தார். கடைசியாக, தோளில் பையோடு அமுதினி... தலை குனிந்தபடி.

தபிதா காரை விட்டிறங்கி ஓடினாள். எல்லோருக்கும் நடுவில் போய் அவள் கையைப் பிடித்தாள். பேச்சுச் சத்தம் குறைந்தது. பிரதீபன் நின்றுவிட்டார்.

“தபிதா... எல்லாரும் பாக்குறாங்க,” என்றாள் அமுதினி தாழ்ந்த குரலில்.

“பாக்கட்டும். வீட்டில சொல்லிப்போட்டன்.”

அமுதினியின் கண்கள் விரிந்தன. “என்ன சொன்னாங்க?”

“அப்பா பேப்பரை மடிச்சுக்கொண்டே இருக்கிறார்... எனக்குத் தெரியேல்லை. காலம் எடுக்கும். நடக்காமலும் போகலாம்.” மூச்சு வாங்கியது. “நான் அண்டைக்குச் சொன்னது பிழை. குடையை எடுத்தது அதைவிடப் பிழை. என்னோட கோவிச்சுக்கொண்டு போறதெண்டால்... போக வேண்டாம்.”

“கோவம் இருந்துச்சு. ஆனா அதுக்காகப் போகலைங்க. ரோசெட்டா ஆஸ்பத்திரியில இருக்கா. பக்கத்துல யாரும் இல்லை. நான் போயே ஆகணும்.”

தபிதா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். நெஞ்சுக்குள் இத்தனை மாதம் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று மெல்ல மெல்ல வேகம் குறைந்தது.

“அப்பிடியெண்டால் போயிட்டு வாரும். ரோசெட்டாவுக்கு வர ஏலுமெண்டால் கூட்டிக்கொண்டு வாரும். எவ்வளவு காலம் எண்டாலும் நான் காத்து நிற்பன். எனக்கு உம்மில விருப்பம் அமுதினி. நீர் இல்லாமல் எனக்கு ஏலாது.”

அமுதினி குழம்பினாள். மழை அவள் இமையிலும் கன்னத்திலும் ஓடியது. “நீரா? தண்ணி இல்லாமயா?”

தபிதா அழுகைக்குள் சிரித்தாள். “இல்லை விசரி... நீர் எண்டால் நீங்கதான். எங்கட பக்கத்தில புருசன் பெண்சாதி, காதலிக்கிற ஆக்கள்... அப்பிடித்தான் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடுறவை. நான் இதுவரைக்கும் ஒருத்தரையும் அப்பிடிக் கூப்பிட்டதில்லை.”

கூட்டம் கலைய மனமில்லாமல் நின்றது. அமுதினி பையைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் அவள் முகத்தைப் பிடித்தாள். உதடுகள் அசைந்தன... சரியாக வருமா என்று தனக்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்ப்பதுபோல.

“எனக்கும்...” என்றாள். “எனக்கும் உம்மிலதான் விருப்பம்.”