தகப்பன் பெயருக்கு நேரே ஒரு கோடு

"இந்தாங்க, டீ!"

அழகம்மா கோப்பையை வைத்த வேகத்தில் பாதித் தேநீர் மேசையில் சிந்தியது. சந்திரகாந்தா துணியெடுத்துத் துடைத்தாள். எல்கடுவ தேயிலை மலையில் ஞாயிற்றுக்கிழமைக் காலை என்றால் பெயர் கூப்பிடும் பெரட்டு இல்லை, கொழுந்து பறிப்பதும் இல்லை. லயத்து வரிசை வீட்டு ஜனங்கள் ஆற அமர முகம் கழுவுகிற நேரம். ஆனால் அந்த வீட்டில் மட்டும் மூன்று வாரமாக யார் முகமும் சரியில்லை.

எல்லாம் சசிக்குமாரின் கல்யாணத்தால் வந்தது. சந்திரகாந்தாவுக்கும் செல்லச்சாமிக்கும் அவன் ஒரே பிள்ளை. ஆறு வருடமாக சைப்ரஸில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. அங்கே முதியவர்களைப் பராமரிக்கும் பினிதா என்ற நேபாளத்துப் பெண்ணை விரும்பி, அந்த ஊர் நகரசபையில் கல்யாணத்தைப் பதிய அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி நாளும் எடுத்துவிட்டான். ஆனால் வெளிநாட்டில் கல்யாணம் என்பது மாலை மாற்றுகிற வேலை மட்டும் இல்லையே! மாப்பிள்ளை இன்னும் கல்யாணம் ஆகாதவன் என்று ஊரிலிருந்து ஒரு பத்திரம் வேண்டும். புதிதாக எடுத்த பிறப்புப் பத்திரம் வேண்டும். இரண்டையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, கண்டிக்குக் கொண்டுபோய் வெளிநாட்டு அமைச்சின் முத்திரை வாங்கி அனுப்ப வேண்டும்.

முதல் பத்திரத்தைச் செல்லச்சாமி அலைந்து திரிந்து வாங்கிவிட்டார். பிறப்புப் பத்திரத்தை மட்டும், "அத நான் பாத்துக்கிறேன்" என்று சந்திரகாந்தா ஏற்றுக்கொண்டாள். இரண்டு முறை பஸ் ஏறி மாத்தளைப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். இரண்டு முறையும் திரும்பி வந்து வெறுங்கையைக் காட்டி, "நாளைக்கு வரச் சொல்றாங்க" என்றாள்.

"ரெண்டு நாள் வேலைய விட்டுட்டுப் போயும் ஒரு கடுதாசி வாங்க முடியலியா அண்ணி?" அழகம்மா அடுப்படியிலிருந்து குரலை உயர்த்தினாள். "உண்மையச் சொல்லுங்க. அந்த நேபாளத்துப் புள்ளைய உங்களுக்குப் புடிக்கல. அதான் இழுத்தடிக்கிறீங்க!"

"அப்பிடிச் சொல்லாத அழகு..."

"பின்ன எப்பிடிச் சொல்றது? அவனுக்கு ஒரு நல்லது நடக்கக் கூடாதா?"

அழகம்மா செல்லச்சாமியின் தங்கை. புருஷனை இழந்து, பிள்ளையும் இல்லாமல், ஒன்பது வருடத்துக்கு முன் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தவள். சசிக்குமார் மேல் உயிரையே வைத்திருந்தாள். அது தெரிந்ததால்தான் சந்திரகாந்தாவுக்கு அவள் பேச்சு சுடவில்லை, வலித்தது மட்டும்தான்.

பினிதாவைப் பிடிக்காமலா! போனில் அந்தப் பெண்ணுக்கும் அவளுக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. சசி சொல்லிக்கொடுத்த ஒரே வாக்கியம், "அம்மா, சாப்டீங்களா?" எந்த நேரத்தில் அழைத்தாலும் அதையே கேட்பாள். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தாலும், "இன்னும் இல்ல மகளே" என்பாள் சந்திரகாந்தா. உடனே அந்தப் பிள்ளை உதட்டைப் பிதுக்கிக் கோபித்துக்கொள்ளும். அந்தக் கோபத்தைப் பார்ப்பதற்காகவே இவள் சொல்லும் பொய் அது.

பத்து மணிக்கு சசிக்குமார் அழைத்தான். செல்லச்சாமி போனை மேசை மேல் போத்தலில் சாய்த்து வைத்தார். மகன் முகம் வாடியிருந்தது.

"அம்மா, பத்திரம் எடுத்தீங்களா?"

ஆறு வருடத்துக்கு முன்பு வரை அவன் அவளை 'நீ' என்றுதான் கூப்பிடுவான். வெளிநாடு போகிற சமயத்தில் 'நீங்க' ஆயிற்று. மரியாதை கூடியதால் அல்ல என்பது தாய்க்குத் தெரிந்தது. ஏன் என்பதுதான் தெரியவில்லை.

"இன்னும் கெடைக்கல சாமி..."

அண்ணனின் மூக்குக் கண்ணாடியைத் தேடி உள்ளே போயிருந்த அழகம்மா அந்நேரம் வெளியே வந்தாள். ஒரு கையில் கண்ணாடி, மறு கையில் ஒரு காக்கி உறை.

"கெடைக்கலியா? அப்ப இது என்னா? உங்க பொட்டியில, சேலைக்கு அடியில இருந்துச்சே! கையில வச்சிக்கிட்டே பெத்த புள்ளகிட்ட இல்லேன்னு சொல்றீங்களே... நீங்கள்லாம் ஒரு தாயா அண்ணி!"

சந்திரகாந்தா உறையைப் பிடுங்கக் கை நீட்டினாள்.

"திட்டாதீங்க அத்தை." போனுக்குள்ளிருந்து சசியின் குரல் மெல்ல வந்தது. "அம்மா ஏன் அனுப்பலன்னு எனக்குத் தெரியும். பாஸ்போட் எடுக்குறப்பவே நான் அதப் பாத்துட்டேன். அப்பா பேருக்கு நேர வெறும் கோடு. அம்மாகிட்ட கேக்க வாய் வரல... அப்பாவுக்குத் தெரியுமா தெரியாதான்னு பயந்தே ஆறு வருசம் ஓடிப்போச்சு. பரவால்ல. இங்க பாரத்துலயும் கோடு போட்டுட்டே நான் கட்டிக்கிறேன். பத்திரத்த மட்டும் அனுப்பச் சொல்லுங்க."

செல்லச்சாமி தங்கையின் கையிலிருந்து உறையை வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து வரிவரியாக இறங்கினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"சந்திரா... என்னா புள்ள இது?"

அவள் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். இருபத்தெட்டு வருடமாக நெஞ்சுக்குள் பூட்டி வைத்தது அன்று வாய்க்கு வந்தது.

"நமக்குக் கோயில்ல தாலி கட்டுனாங்க, பதிவு எழுதல. அப்ப தோட்டத்துல யாருங்க எழுதுனா? சசி பொறந்து நாப்பத்திரண்டு நாளைக்குள்ள பதியணும்னாங்க. கல்யாணப் பதிவு இல்லாட்டி, தகப்பனும் கூட வந்து கையெழுத்துப் போட்டாத்தான் அவரு பேர எழுதலாம்னு சொல்லிட்டாங்க. நீங்க கொழும்புல சாப்பாட்டுக் கடையில நின்னீங்க. மூணு நாள் லீவுல வந்தீங்க. பதியப் போக வேண்டிய கடைசி நாளு... அன்னிக்குத்தான் ரத்தோட்டையிலயிருந்து அழக பொண்ணு பாக்க வாறாங்கன்னு சேதி வந்துச்சு."

அழகம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுக்கு முன்ன ரெண்டு எடம் தட்டிப் போயிருந்துச்சு. மாமாவும் உயிரோட இல்ல. வீட்டுல ஆம்பளன்னு நீங்க ஒருத்தர்தான். 'நீ மட்டும் போனா போதுமா'ன்னு கேட்டீங்க. போதும்னேன். அழுது கேட்டா எழுதிருவாங்கன்னு நெனச்சேன்... எழுதல. பச்சப் புள்ளையத் தூக்கிக்கிட்டு மழையில நனைஞ்சி வாறேன், வீடெல்லாம் சிரிப்பு. பாக்கு மாத்தியாச்சு. 'அண்ணி, எனக்கு முடிவாயிருச்சு'ன்னு ஓடி வந்து இவ என்னயக் கட்டிக்கிட்டா. அந்த மூஞ்சியப் பாத்துட்டு நான் என்னான்னு சொல்றது?"

அழகம்மா பத்திரத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். பதிந்த தேதி, செப்டெம்பர் நான்கு. அவள் வாழ்க்கையில் மறக்காத தேதி.

"ஐயோ... எனக்குப் பாக்கு மாத்துன நாளு! என்னாலயா? என் வாழ்வுக்காகவா அவன் பேரில்லாம நின்னான்?" படார் படாரென்று தலையில் அடித்துக்கொண்டாள். "மூணு கிழமையா இந்த வாயால உங்களக் கொத்துனேனே அண்ணி! நீங்கள்லாம் ஒரு தாயான்னு கேட்டுட்டேனே!"

சந்திரகாந்தா எழுந்து அவள் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்தாள். "அடிச்சுக்காத அழகு. இப்பிடி அழுவன்னுதான் இத்தன நாளும் சொல்லல."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே புள்ள!" செல்லச்சாமியின் குரல் உடைந்தது.

"சொன்னா, தங்கச்சியப் பாக்குறப்பல்லாம் உங்களுக்கு அந்தக் கோடுதானே தெரியும்?"

செல்லச்சாமி கண்ணாடியைக் கழற்றினார். போனைக் கையில் எடுத்து முகத்தருகே கொண்டுபோனார். "டேய் சசி! நல்லாப் பாருடா. இந்த மூக்கப் பாரு, உன் மூக்கப் பாரு! இத வேற எவன்டா உனக்குக் குடுப்பான்?"

மறுமுனையில் சிரிப்பும் அழுகையுமாக ஏதோ வெடித்தது. "அம்மா... என்ன மன்னிச்சிரும்மா. ஆறு வருசம் உன்னத் தப்பா நெனச்சிட்டேனே... ஒரு வார்த்த உன்கிட்ட கேக்காம இருந்துட்டேனே!"

'உன்ன' என்று அவன் சொன்னது அவள் காதில் தேனாக விழுந்தது. "கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன் சாமி. அழாத. வேலைக்குப் போற நேரம்."

அதற்குள் பினிதா ஓடிவந்து திரைக்குள் எட்டிப் பார்த்தாள். எல்லோரும் அழுவதைக் கண்டு திகைத்து, தனக்குத் தெரிந்த ஒரே தமிழில் கேட்டாள்: "அம்மா... சாப்டீங்களா?"

அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார்கள்.

"அப்ப இத அப்பிடியே அனுப்புறதா?" செல்லச்சாமி பத்திரத்தை நீட்டினார்.

சந்திரகாந்தா தலையைக் குனிந்தாள். "ஒரு வழி இருக்குதுங்க. ஆபீஸ்ல நிஷ்மியான்னு ஒரு முஸ்லிம் புள்ள. நல்ல புள்ள. 'நீங்களும் ஒங்கட அவரும் இப்ப கல்யாணத்தப் பதிஞ்சா, மகன்ட பத்திரத்தப் புதுசா எழுதலாம் உம்மா. வாப்பாட பேரும் வரும்'னு சொல்லிச்சு. அதக் கேக்கத்தான் ரெண்டாந்தடவ போனேன்."

"மூணு கிழமையா ஏன் சொல்லல?"

"எப்பிடிங்க சொல்றது? அம்பது வயசுக்கு மேல, என்னக் கட்டிக்கிறீங்களான்னு புருஷன்கிட்டயே போய்க் கேக்கவா?"

"கேளேன்."

"போங்க..."

"நீ கேளு புள்ள. அப்பத்தான் வருவேன்."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "அண்ணன் சரின்னுட்டாரு அண்ணி!" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே அறிவித்தாள் அழகம்மா.

பதினெட்டாம் தேதியை சசிக்குமார் விட்டுக்கொடுத்தான். நகரசபையில் இரண்டரை மாதம் தள்ளி வேறு நாள் கேட்டு வாங்கினான். "அப்பா பேர எழுதித்தான் கையெழுத்துப் போடுவேன்" என்றான். பினிதாவும் சரி என்றாளாம்.

நோட்டீஸ் கொடுத்து இரண்டு கிழமைக்குப் பிறகு, ஒரு புதன்கிழமை மாத்தளையில் செல்லச்சாமியும் சந்திரகாந்தாவும் கல்யாணத்தைப் பதிந்தார்கள். அவர் தலைக்கு மை பூசியிருந்தார். நெற்றியிலும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. சாட்சிக் கையெழுத்துப் போடும் முன் அழகம்மா பேனாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெளியே வந்ததும் அவளே ஓடிப்போய் மூன்று ஐஸ்கிரீம் வாங்கி வந்தாள். பஸ் ஸ்டாண்டில் நின்று மூவரும் பிள்ளைகள் மாதிரி சாப்பிட்டார்கள்.

மகனின் பத்திரத்தைப் புதிதாக எழுத மேலும் ஒன்றரை மாதம் ஆயிற்று. பிறகு மொழிபெயர்ப்பு, கண்டி முத்திரை, கூரியர். அந்தத் தாள் சைப்ரஸ் போய்ச் சேர்ந்த அன்று சசிக்குமார் அதைப் படமெடுத்து வீட்டுக்கே அனுப்பினான். அனுப்பியவர்களுக்கே மறுபடியும் காட்டவேண்டும் போலிருந்ததாம்.

கல்யாண நாளன்று பிற்பகல் வீட்டு முன்னிருந்த இஸ்தோப்பில் லயமே கூடியிருந்தது. போனின் சின்னத் திரையில் நகரசபை மண்டபம் தெரிந்தது. சிவப்புச் சேலையில் பினிதா, பக்கத்தில் கோட்டுப் போட்ட சசி, எதிரே கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். அவள் தாளைப் பார்த்து ஆங்கிலத்தில் வாசித்துக்கொண்டே போனாள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. திடீரென்று, நாக்குப் புரளாமல் திக்கித் திக்கி, எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயர் வந்தது.

"செல்...லா...சாமி."

செல்லச்சாமி பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டதைப் போல விறைப்பாக எழுந்து நின்றார்.

"இருக்கேன்யா!"

லயமே விழுந்து விழுந்து சிரித்தது. அவர் மட்டும் உட்காரவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிய, கைகளைக் கட்டிக்கொண்டு, மகன் கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரை நின்றுகொண்டே இருந்தார். அழகம்மா அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். சந்திரகாந்தா ஒரு கையால் அவளை அணைத்து, மறு கையை நீட்டிப் புருஷனின் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டாள்.