தடுத்தது பூஜ்யம்

திங்கள் காலை 9:10. ஆஸ்பத்திரியின் கணினி அறையில் யார் முகத்திலும் ஈயாடவில்லை. ஞாயிறு மாலையில் நாலாயிரம் நோயாளிகளின் ரத்தப் பரிசோதனை அறிக்கைகளை யாரோ வெளியிலிருந்து அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள்.

"நேத்து ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதுப்பிச்சது இவதான். வெளியாளுங்களைத் தடுக்கிற ஃபயர்வால்ல ஏதோ விதியை அழிச்சிருக்கா," என்றார் துறைத்தலைவர். அவர் கைகாட்டிய டெக்னீஷியன் அவருடைய தம்பி மனைவி. வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். இன்று அவள் சீட்டைக் கிழிக்கத் துடிப்பவரும் அவர்தான். நல்ல சொந்தம்!

10:00. விசாரிக்க வந்த தணிக்கை அதிகாரிக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. அந்த அம்மாள் உட்காரக்கூட இல்லை.

"எதையாவது அழிச்சியாம்மா?"

"இல்ல மேடம். நாற்பத்திரண்டு விதியும் இருக்கு."

இருந்தன. 'வெளியாரைத் தடு' என்ற விதியும் இருந்தது. அது தடுத்த எண்ணிக்கை, போன வாரம் மூன்று லட்சம். நேற்றிலிருந்து பூஜ்யம்.

"மெஷின் திரும்ப எழுந்தது எப்போ?"

"நேத்து சாயந்திரம் 4:05."

அம்மாள் சரிபார்ப்புத் தாளைப் புரட்டினாள். 'மறுதொடக்கத்துக்குப் பின் வெளியிலிருந்து சோதித்தேன், சரி. ஞாயிறு 3:30.' கீழே தலைவரின் கையெழுத்து.

10:40. அம்மாள் தாளைத் தலைவர் முன் வைத்தாள்.

"யாரும் எதையும் அழிக்கல. அந்த விதி நெட்வொர்க் கார்டோட பேரை வச்சு எழுதினது. புது சிஸ்டம் அந்தக் கார்டுக்கு வேற பேர் வச்சிடுச்சு. இப்ப இல்லவே இல்லாத ஒரு வாசலுக்கு அந்த விதி காவல் நிக்குது. வெளியிலிருந்து ஒரு தடவை சோதிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். சோதிக்க வேண்டியவர் நீங்க. 4:05க்கு எழுந்த மெஷினை 3:30க்கே எப்படி சார் சோதிச்சீங்க?"

தலைவர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். "தாள்ல எல்லாம் வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டுடுவோம். இங்க வழக்கம்."

அம்மாள் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. டெக்னீஷியன் பக்கம் திரும்பினாள்.

"இது உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் வாயைத் திறக்கல?"

அவள் தலைவரைப் பார்த்தாள். விசாரணையைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரி அந்த 'தெரியும்' என்ற சொல்லை மட்டும் குறித்துக்கொண்டார்.

மதியம் 3:00. உத்தரவு வந்தது. தலைவருக்கு எச்சரிக்கை. தெரிந்தும் மறைத்ததற்காக டெக்னீஷியன் வேலைநீக்கம்.

அம்மாள் அவளைத் தேடிப் போனாள். "நான் கேட்டது தப்பும்மா. நீயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

அவள் அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"சாரும் நானும் ஒரே வீடு மேடம். இப்பவும் அவர் கார்லதான் திரும்பிப் போகணும்."