ஜெயபாய் டீச்சரின் நேரலை

பந்தலில், சவப்பெட்டியின் தலைமாட்டில், பக்கத்து வீட்டு லிஷாவின் கையிலிருந்த விசிறி ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் சானுவின் லேப்டாப்பில் அது பாதியில் நின்றிருந்தது.

போன் அடித்தது. தோஹாவிலிருந்து ஜெயபாய் டீச்சரின் ஒரே மகன் நிஜின். அவனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அதனால் காலையில் இறந்தவரை மாலையே வீட்டுக்குப் பின்னாலிருக்கும் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்கிறார்கள். இந்த நேரலைதான் அவனுக்குக் கிடைத்த ஒரே வழி.

"சானு அண்ணா, அம்மைக்க முகம் அனங்காம அப்பிடியே நிக்குது."

"இப்பம் செரியாக்கித் தாறேன் மக்கா. லைன்லயே நில்லு."

உதியன்குளங்கரையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் சானு, கல்யாணத்தையும் சாவையும் ஒரே கேமராவில் காட்டிப் பழகியவன். மல்லிகையும் மெழுகும் மழைக்கு முந்திய புழுக்கமும் கலந்த வாசனை முன்னறையில் கனத்துத் தேங்கியிருக்க, பெண்களின் பாட்டு வெளியே இழுபட்டுக்கொண்டே போக, அவன் நெட்வொர்க் அடாப்டரின் அமைப்புகளைத் திறந்து, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் கிரீன் ஈதர்நெட்டை அணைத்து, தரவைத் தேக்கிவைக்கும் பஃபர் அளவைக் கூட்டினான். இணைப்பு ஒரு நொடி அறுந்து மீண்டது. நிஜின் பார்க்கும் அதே படம் சானுவின் திரையிலும் தெளிந்து ஓடத் தொடங்கியது.

"இப்பம் கிளியர் ஆக்கும் அண்ணா." நிஜினின் குரல் உடைந்திருந்தது.

சானு திரையை உற்றுப் பார்த்தான். டீச்சரின் மூக்கில் வைத்த பஞ்சில் ஓர் இழை உள்ளே இழுபட்டது. வெளியே வந்தது.

விசிறிக் காற்றாக இருக்கும். லிஷா விசிறியை மடியில் வைத்தாள். இழை மறுபடியும் உள்ளே போனது.

எழ வேண்டும். ஓடிப் போய்ச் சொல்ல வேண்டும். இத்தனை பேர் முன்னால். போதகர் முன்னால். தவறாக இருந்தால்? ஊர் முழுக்கச் சிரிக்கும்.

"அண்ணா, அம்மைக்க மூக்குல என்னமோ..."

சானுவின் விரல் தானாகப் போயிற்று. கிரீன் ஈதர்நெட்டைப் போட்டான். பஃபரைக் குறைத்தான். படம் விக்கியது. நின்றது.

"நெட்டுக்க கோளாறாக்கும் மக்கா. வேற ஒண்ணும் இல்ல."

"செரி அண்ணா."

மூடி விழுந்தது. ஆணி இறங்கியது. பெட்டி பின்பக்கம் போயிற்று. மண். மறுபடியும் மண். சானு எழவில்லை.

முற்றத்தில் கட்டன்காப்பி ஊற்றத் தொடங்கினார்கள். போதகர் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"சானு, பெட்டியில குனிஞ்சு ஜெபிக்கும்போ அங்கியில குத்தியிருந்த வயர்லெஸ் மைக் எங்கயோ விழுந்துபோச்சு. நீ கண்டியா?"

சானு திரையைப் பார்த்தான். ஓரத்தில், மைக்கின் ஒலியளவைக் காட்டும் பச்சைக்கோடு உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது.

போன் அதிர்ந்தது. படம் நின்றிருந்தாலும் நேரலையின் ஒலி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணா, ஆரு இப்பிடித் தட்டுறது? எனக்க பேரச் சொல்லி ஆரோ விளிக்குது."

சானு நேரலையை நிறுத்தினான். போனையும் அணைத்தான்.

"காணல்ல அச்சா," என்றான் போதகரிடம். "போட்டும். வேற வாங்கலாம்."

பச்சைக்கோடு ஏறியது. மஞ்சளைத் தொட்டது. சிவப்புக்குப் போயிற்று. கீழே இறங்கவில்லை.