பொருந்தக் கூடாதே...

“ஏங்க, பார்த்துகினு நிக்கக் கூடாதா?”

மழைக்குத் தலையைக் குனிந்து ஓடிவந்த எழில்மதி, காவல் நிலைய வாசலில் நின்றிருந்த நெட்டை ஆள்மேல் மோதிவிட்டுக் கேட்ட கேள்வி இது! அவனோ கையிலிருந்த அரக்கு முத்திரைப் பொட்டலம் நனையாமல் சட்டென்று திரும்பிக்கொண்டான். முதுகெல்லாம் மழை... கண்ணில் சிரிப்பு.

“நான் நின்னுகினுதாங்க இருந்தேன். நீங்கதான் மைன்ஸ் டிப்பர் லாரி மாதிரி வந்தீங்க.”

அவளுக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது. அண்ணன் உள்ளே கிடக்கும்போது இது என்ன புத்தி!

காடாம்புலியூர் முந்திரித் தோப்பில் பன்றி விரட்ட அவள் அப்பா லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தார். பக்கத்துத் தோப்புக் காவலாளியின் காலில் யாரோ சுட்டுவிட, பழி அண்ணன் பாலகுமார் தலையில் விழுந்தது. அங்கே கிடைத்த காலித் தோட்டாதான் அந்தப் பொட்டலத்தில். அவன் கார்முகில், தடயவியல் லேப்காரன்.

“எங்க அண்ணன் சுடலைங்க சார்...”

“துப்பாக்கி ஊசி தோட்டா அடியில குத்துங்க. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அந்தக் குத்து வேற. உங்க துப்பாக்கியில ஒண்ணு சுட்டு, ரெண்டு தடத்தையும் லென்ஸ்ல வெச்சுப் பார்ப்போம். அது சொல்லும்.”

அந்த ஒரு வார்த்தையில்தான் அவளுக்குச் சோறு இறங்கியது. அவன் வீடும் அவள் வீட்டைப் போலவே சுரங்க டவுன்ஷிப்பில்தான். தினம் பஸ் ஸ்டாப்பில் பார்ப்பாள். கேஸ் பற்றி மூச்சு விடமாட்டான். “சாப்பிட்டீங்களா?” அவ்வளவுதான்... அதற்கே அவள் மறுநாளும் சீக்கிரமே வந்து நிற்பாள்.

பதினோராம் நாள் வக்கீல் குண்டைத் தூக்கிப் போட்டார். கார்முகில் கேஸிலிருந்து விலகிவிட்டானாம்!

மாலையில் அவனை மறித்தாள்.

“தடம் பொருந்திடுச்சு... அதான் ஓடிட்டீங்க. இல்ல?”

“நான் பார்க்கவே இல்லீங்க. லென்ஸ்கிட்ட குனியறேன்... பொருந்தக் கூடாதே, பொருந்தக் கூடாதேன்னு மனசு அடிச்சுக்குது. அப்படிப்பட்டவன் பார்க்கலாமா? எழுதிக் குடுத்துட்டேன். எங்க லேப்ல சண்முகப்பிரியா மேடம் பார்க்கறாங்க.”

“என்னன்னு எழுதிக் குடுத்தீங்க?”

அவன் தரையைப் பார்த்தான். “அந்தப் பையனோட தங்கச்சிய எனக்குப் பிடிச்சிருக்குன்னு.”

ஆபீசுக்கே சொல்லிவிட்டு, கடைசியில் தன்னிடம் சொல்கிறானே... பாவி! அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டின.

“ரிப்போர்ட்டு?”

“நாளைக்கு. எனக்கே தெரியாதுங்க.”

“பொருந்திட்டா?”

அவன் பஸ் வரும் திசையைப் பார்த்தான். பொய்யாகக்கூட ஆறுதல் சொல்லத் தெரியாதவன்... அதனால்தானே இவ்வளவு பிடித்துப் போயிற்று!

பஸ் வந்தது. படியில் கால் வைத்தவள், இறங்கிவிட்டாள்.

“நாளைக்கு அண்ணன் வெளிய வந்துட்டா, அந்தச் சந்தோஷத்துல சொல்றேன்னு நெனப்பீங்க. வரலன்னா நான் வாயே தொறக்க மாட்டேன். அதான் இன்னைக்கே சொல்லிடறேங்க... எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு.”

சொல்லிவிட்டாளே தவிர, நாளையை நினைத்தால் பயம்தான். அவன் சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.