வெறும் தண்ணீர்ப் பட்டை

வெறும் தண்ணீர் விட்ட பட்டை நீலமாகக் கூடாது. ஆகியிருந்தது.

மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘பத்து நிமிஷம்’. முன்பெல்லாம் கிருமியைத் தட்டில் வளர்த்து இரண்டு நாள் தவம் கிடக்க வேண்டும். இப்போது, கண்ணுக்கு எட்டாத தங்கத் துகள் பூசிய சிவப்புப் பட்டையில் ஒரு சொட்டுச் சளி போதும். கிருமி இருந்தால் பத்தே நிமிஷத்தில் நீலம். ஒவ்வொரு முறையும் சுத்தத் தண்ணீர் விட்ட பட்டை ஒன்றையும் கூடவே வைக்க வேண்டும் என்பது விதி.

“தண்ணிக்கு ஜுரமா வரப்போகுது?” என்று மூன்று வாரமாக அதை வைக்காமலே ‘சிவப்பு’ என்று எழுதிவந்தாள். வார்டில் எல்லோருக்கும் நீலம் வந்தது. யானை சுருண்டுவிழும் அளவுக்கு மருந்து ஏறியது. நால்வர் போய்ச் சேர்ந்தார்கள்.

இன்று அறுவை சிகிச்சை முடிந்த அவள் அக்காவின் முறை. சொந்த ரத்தம் என்றதும் விதி ஞாபகம் வந்துவிட்டது, மகராசிக்கு!

புதுக் குப்பித் தண்ணீர். நீலம். புதுக் கையுறை. நீலம். குளிர்பெட்டி முனகிக்கொண்டிருக்க, ஸ்பிரிட் வாடை மூக்கை அறுக்க, ஜன்னல் வெயில் மேசைமேல் மெல்ல ஊர்ந்துவர, எதுவும் விடாத பட்டையொன்றின் மீது குனிந்து பெருமூச்சு விட்டாள்.

பத்து நிமிஷம் ஆகவில்லை. பத்து நொடிகூட. அதற்குள் நீலம்.

வார்டில் இருபது கட்டில். எல்லார் முகத்துக்கும் நேரே குனிந்து, “வாயைத் திறங்க” என்று சளி எடுத்தவள் அவள்தான்.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “பத்து நிமிஷம், உன்னைப் பாக்காம உங்க அக்கா மாத்திரை போட மாட்டேங்கறாங்க.”

வாயைப் பொத்திக்கொண்டு வார்டின் கண்ணாடிக் கதவுவரை போனாள். புண்ணில் கிருமி வந்தால் தெரிய, அக்காவின் வயிற்றுக் கட்டுத்துணியில் ஒட்டியிருந்த பட்டை இன்னும் சிவப்பு.

“என்னடி பேயறைஞ்ச மாதிரி நிக்கறே? உள்ள வாடி.”

தலையாட்டினாள். வரமாட்டேன்.

“நீ வரலைன்னா நான் வரேன்.”

வராதே என்று கத்த வேண்டும். கத்தினால் மூச்சு வெளியே வரும். அடக்கினாள். நெஞ்சு வெடித்தது. கால் நகரவில்லை.

அக்கா கட்டிலைவிட்டு இறங்கினாள். ஓர் அடி. பட்டை சிவப்பு. இன்னோர் அடி. ஊதா.

இவள் இன்னும் மூச்சுவிடவில்லை. மூச்சே தேவையில்லை; இவள் கிட்டே இருந்தாலே போதும்.

கதவு திறந்தது. நீலம்.

அக்கா சிரித்தாள். பட்டையின் நீலம் பல்லெல்லாம் ஏறியிருந்தது.