சொல்லிக்கொள்ளாமல் இறங்க வேண்டிய இடம்

வேன் அழகர்கோவிலைத் தாண்டி, மாந்தோப்புகளுக்கு நடுவே புகுந்து, மலையடிவாரத்து விடுதி வாசலில் நின்றபோது மழை விட்டிருந்தது. இரண்டு நாள் மலைநடை. வழிகாட்டி உண்டு, சாப்பாடு உண்டு, சமணர் படுக்கையும் பாறை உச்சியில் ஒரு பழைய தர்காவும் பார்க்கலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஜோடியாகவோ குடும்பமாகவோ வந்திருந்தார்கள். பவதாரிணி மட்டும் தனியாக வந்திருந்தாள்.

தனியாக இருப்பது அவளுக்குப் புதிதல்ல. ஆனாலும் பழகவில்லை. நாகமலை புதுக்கோட்டை வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும்தான் இருந்தார்கள். சித்திரையில் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அம்மா இருந்தவரை, வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே "போயிட்டு வாரேம்மா" என்பாள். "வெளிச்சத்தோட வந்துரு" என்று சொல்லி அம்மா உள்ளே தாழ்ப்பாள் போடுவாள். இப்போது வெளியே பூட்டுப் போட்டுவிட்டுப் போகிறாள். சொல்லிக்கொள்ள ஆளில்லாத வீட்டிலிருந்து தினமும் கிளம்புவது இருக்கிறதே, அது பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

வழிகாட்டி மலையாண்டி வாய் ஓயாத மனிதன். குரங்கு, காட்டுமாடு, சினிமா ஷூட்டிங் என்று எதற்கும் ஒரு கதை வைத்திருந்தான். பாதிக்கு மேல் புளுகு என்று அவனே சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டான். மறுநாள் மதியம், தர்காவைப் பார்த்துவிட்டு இறங்கும் வழியில், ஒரு வளைவில் மட்டும் அவன் பேச்சு நின்றது.

பாதையோரம் ஆள் உயரத்துக்குத் தழை குவிந்து கிடந்தது. அடியில் மட்கிய சருகு, மேலே வாடாத பச்சை. சுற்றிலும் ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை.

இது ராமக்காள் என்றான் மலையாண்டி. எப்போதோ விறகுக்கு வந்த பெண். கால் பிசகி இங்கேயே உட்கார்ந்துவிட்டாளாம். கூட வந்தவர்கள், கட்டில் கொண்டுவந்து தூக்கிப் போகிறோம், போயிட்டு வாரோம் என்று சொல்லி இறங்கியிருக்கிறார்கள். மழை பிடித்துக்கொண்டது. ஒருவரும் திரும்பி வரவில்லை. அவள் காத்திருந்தபடியே குளிரில் விறைத்துப் போனாள். அன்றிலிருந்து இந்த வழியாகப் போகிறவர்கள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும், அவளுக்குப் போர்த்திவிடுவதாக நினைத்து ஒரு கொப்பு ஒடித்துப் போடுவார்கள்.

"தழையப் போட்டுட்டு பேசாம நடங்க. எழவு வீட்டுல எப்பிடியோ அப்பிடி. யாரும் சொல்லிக்கிட்டுக் கிளம்பாதீக. வாரேன்னு சொன்னா அந்தம்மா நம்பிரும்."

இதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வர மதுரைப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பவதாரிணிக்குத் தெரியாதா? கடைசி ஆளாக நின்று அவளும் ஒரு கொப்பை ஒடித்து வைத்தாள். அம்மாவுக்குப் போர்வையை இழுத்துவிட்ட நாட்கள் நினைவுக்கு வந்தன. மற்றவர்கள் வளைவைத் தாண்டியிருந்தார்கள். குதிகாலில் நழுவியிருந்த ஷூவைக் குனிந்து மாட்டினாள். கை பழகிய வேலையைச் செய்ய, வாய் பழகியதைச் சொல்லிவிட்டது.

"போயிட்டு வாரேன்."

எத்தனையோ மாதமாக வாய்க்குள்ளேயே கிடந்த வார்த்தை. சொன்னதும் நெஞ்சுப் பாரம் சற்று இறங்கியது. அதற்குப் பிறகுதான் எங்கே நின்று சொன்னோம் என்பது உறைத்தது.

குவியலுக்குள் சருகு நொறுங்கியது.

ஓணானாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகப் போய்க் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள். ஆனால் பின்னால் ஒரு சத்தம் வந்தது. ஒரு காலடி. அப்புறம் சரளைக் கல்லில் எதையோ இழுக்கும் ஓசை. மறுபடி ஒரு காலடி.

அவள் நின்றால் அதுவும் நின்றது.

கசக்கிய பச்சைத் தழையின் வாடை கழுத்துக்குப் பின்னால் அடித்தது. திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. முன்னால் போன மலையாண்டி தற்செயலாகத் திரும்பினான். அவளைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் பார்த்தான். முகம் வெளுத்துப்போய் அவள் பக்கத்தில் வந்தான்.

"அக்கா, மேல ஏதும் சொன்னீகளா?"

"இல்லையே."

"சொல்லியிருந்தாலும் ஒண்ணுமில்ல. இப்பவே திரும்பிப் போவோம், நானும் கூட வாரேன். வரமாட்டேன், காத்திருக்காதன்னு சொல்லிட்டா விட்டுரும். ஆனா சொன்னவுக வாயாலதான் சொல்லணும்."

இத்தனை பேருக்கு முன்னால், பேச ஆளில்லாமல் ஒரு தழைக் குவியலிடம் பேசினேன் என்று எப்படிச் சொல்வாள்? வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான் ஒண்ணும் சொல்லல" என்றாள்.

ஊருக்குத் திரும்பும்போது வேனில் அவள் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. இம்மானுவேல் என்பவரின் மனைவி ஜன்னல் காற்றுக்காக அங்கே உட்கார வந்தவர், இருக்கையில் கை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார். யாரோ ஈரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள் போல என்று சொல்லி வேறு இடத்துக்குப் போய்விட்டார். மழை முந்தின நாளே விட்டிருந்தது.

அந்த வாரம் முழுக்க வீட்டில் தழை வாடை போகவில்லை. ஜன்னல்களைத் திறந்து வைத்தாள், சாம்பிராணி போட்டாள். அம்மாவின் கட்டிலில், கொடுக்க மனமில்லாமல் மடித்து வைத்திருந்த கம்பளி ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து பார்த்தால் அது விரிந்து கிடந்தது. தொட்டாள். ஈரம். மடிப்பில் சருகுத் துகள். கம்பளியைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இனித் தாங்காது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மலைக்குப் போய், சொன்னதைத் திருப்பி வாங்கிவிடுவது என்று முடிவு செய்தாள். மலையாண்டியிடம் போனில் சொல்லியும் வைத்தாள். அடிவாரத்தில் காத்திருப்பதாகச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று ஷூவை மாட்டினாள். இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடியிருந்தாள். கதவைச் சாத்திவிட்டுப் பூட்டை எடுத்தாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு காலடி. ஒரு இழுப்பு.

"வெளிச்சத்தோட வந்துரு."

அம்மாவின் வார்த்தை. அம்மாவின் குரல் இல்லை. வெகுகாலம் யாரிடமும் பேசாத தொண்டையிலிருந்து வந்த குரல்.

ஓடிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, அது பயத்தால் மட்டும் வந்ததில்லை. பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"சரி. வாரேன்" என்றாள் மெதுவாக.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அவள் வெளியே பூட்டுப் போடாமல், பூட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

பேருந்து நிறுத்தத்தில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மலையாண்டிதான். அவள் எடுக்கவில்லை. மலைப்பக்கம் போக வேண்டிய பேருந்து வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. அவள் ஏறவில்லை. கடைத்தெருவில் கால் போன போக்கில் சுற்றினாள், கொஞ்சம் பூ வாங்கினாள். இரண்டு பேருக்குக் காணும்படி காய்கறி வாங்கினாள்.

வெயில் தாழும் முன்பே வீடு திரும்பினாள். பூட்டும் சாவியும் பைக்குள்ளேயே இருந்தன. கதவைத் தட்டினாள்.

உள்ளே யாரோ காலை இழுத்து இழுத்து வரும் சத்தம் கேட்டது.