சின்னக்கண்ணுவின் வலி

பதினைந்து நாள் விடுப்பு முடிந்து நர்ஸ் கமலவேணி வேலைக்குத் திரும்பிய அன்று புதுச்சேரியில் மண்டையைப் பிளக்கும் வெயில். பிரெஞ்சுக்காரர் காலத்து உயரமான கூரைக்குக் கீழே, மூளை ஆபரேஷன் வார்டில் மட்டும் ஒரு குளிர். டெட்டால் வாசனைக்கு அடியில் இன்னொரு வாடை, என்னவென்று பிடிபடவில்லை.

ஒவ்வொருவர் வலியையும் அவரவர் சொல்லிலேயே நோட்டில் எழுத வேண்டும் என்பது பெரிய டாக்டரின் உத்தரவு. பதினோரு வருஷ சர்வீசில் கமலவேணிக்கு எதைக் கேட்டாலும் மனசு அசைவதில்லை. பஞ்சாலையில் வேலை பார்த்த உத்திராபதி, காதுக்குப் பின்னால் யாரோ நூல் இழுப்பதுபோல இருக்கிறது என்றார். எழுதினாள். மீன் விற்கும் அஞ்சம்மாள், ஐஸ்கட்டியைத் தலையில் ஏற்றி வைத்ததுபோல மரத்துக் கிடக்கிறது என்றாள். எழுதினாள்.

கடைசிக் கட்டிலில் தட்டாஞ்சாவடிப் பட்டறையிலிருந்து வந்த பஞ்சநாதன்.

"எனக்கு வலி இல்ல சிஸ்டர்," என்றான் மெதுவாக. "உள்ளாற ஒரு பொம்பள ஒக்காந்திருக்கு. அதுக்குத்தான் வலிக்குது."

மருந்து மயக்கம் என்று நினைத்து அதையும் எழுதினாள்.

மறுநாள் அஞ்சம்மாளும் அதையே சொன்னாள்.

உத்திராபதியும்.

மூவரும் கட்டிலைவிட்டு எழுந்தவர்கள் இல்லை. ஒருவரோடொருவர் பேசியவர்களும் இல்லை.

"யாருய்யா அது?" என்று உத்திராபதியிடம் குனிந்து கேட்டாள்.

"தெரியலம்மா. பேச வரல அதுக்கு. வாயத் தொறக்குது, மூடுது."

கமலவேணியின் பேனா நின்றது.

விடுப்பில் போகுமுன் சின்னக்கண்ணு என்றொரு பெண் இந்த வார்டில் இருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சு எழவேயில்லை. கமலவேணி கட்டிலருகே போகும்போதெல்லாம் வாயைத் திறப்பாள், மூடுவாள். கமலவேணி காத்து நிற்கவில்லை. எட்டு நாளும் 'வலி இல்லை' என்று எழுதிவிட்டு நகர்ந்தாள். அதைப் பார்த்து டாக்டர் வலி மருந்தை நிறுத்தினார். ஒன்பதாம் நாள் கட்டில் காலியாயிற்று.

இப்போது பழைய பக்கங்களைப் புரட்டினாள். எட்டு வரிகளையும் அடித்துவிட்டு, 'வலி இருந்தது' என்று எட்டு முறை எழுதினாள். அழுகை வரவில்லை.

சாயங்காலம் பஞ்சநாதன் தலையைப் பிடித்துக்கொண்டு முனகினான்.

"அது எறங்கிப் போயிட்டுது சிஸ்டர். இப்ப எனக்குத்தான் வலிக்குது."

மற்ற இருவரும் அப்படியே சொன்னார்கள். கமலவேணி மூவருக்கும் ஊசி போட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போக விழுப்புரம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் எங்கே போக வேண்டும் என்று கேட்டார்.

ரெட்டியார்பாளையம் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

சொல் வரவில்லை. மூடினாள். மறுபடி திறந்தாள்.

வந்தது, அவள் ஒருநாளும் கேட்டிராத ஒரு பெண்ணின் குரல்.

"வலிக்குது."

கமலவேணிக்கு எங்கேயும் வலிக்கவில்லை.